கால் விநாடிப் பதில்

பிறந்து இரண்டு நாளே ஆன குழந்தையின் கண்ணெதிரே ஒரு வெளிச்சம் பளிச்சிட்டால், ஏறத்தாழ கால் விநாடி கழித்து அதன் பின்தலையில் ஒரு சிறு மின் அலை எழுந்து அடங்குகிறது. அலையின் உயரம் சுமார் 10 மைக்ரோவோல்ட். டார்ச் லைட்டில் போடுகிற ஒற்றை பேட்டரி 1.5 வோல்ட் தருகிறது என்றால், அதில் ஒன்றரை லட்சத்தில் ஒரு பங்கு. கண்ணில் விழுந்த வெளிச்சம் மூளை வரைக்கும் போய்ச் சேர்ந்தது என்பதற்கு அந்தக் குழந்தையிடமிருந்து கிடைக்கிற நேரடியான சாட்சி இந்த அலைதான். மருத்துவ நூல்கள் இதைப் பார்வைத் தூண்டல் மின்விளைவு என்கின்றன. சென்னை ஆஸ்பத்திரிகளில் இதற்கு வி.இ.பி. டெஸ்ட் என்றுதான் பெயர்.

பேசத் தெரிந்தவர்களின் பார்வையைச் சோதிப்பது எளிது. சுவரில் மாட்டிய பலகையில் எந்த வரி வரைக்கும் படிக்க முடிகிறது என்று கேட்டால் போதும். கைக்குழந்தையிடம் அந்தக் கேள்வியைக் கேட்க முடியாது. மயிலாப்பூர் மாட வீதியானாலும் மாம்பலத்துச் சந்தானாலும், பிள்ளை பெற்ற வீட்டுக்குப் பார்க்க வருகிறவர்கள் "முகம் பாக்குதா?" என்று கேட்காமல் திரும்புவதில்லை. பாட்டி கிலுகிலுப்பையை ஆட்டிக் காட்டுவாள், குழந்தை திரும்பும். ஆனால் அது ஓசைக்குத் திரும்பியதா, அசைவைப் பார்த்துத் திரும்பியதா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. விளக்கைக் கிட்டே கொண்டுபோனால் குழந்தை கண்ணைச் சுருக்கும், கண்மணி சிறுக்கும். இவை மூளைத்தண்டு மட்டத்திலேயே நடந்துமுடிகிற அனிச்சைச் செயல்கள். பார்ப்பதற்கென்று பின்தலையில் இருக்கிற மூளைப் புறணி வேலை செய்யாத குழந்தைக்கும் இவை இருக்கக்கூடும். எனவே வீட்டுச் சோதனைகள் இரண்டும் தேறிவிட்டன என்பதால் பார்வை சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது.

வெளிச்சம் போகிற பாதையைப் பார்த்தால் அந்தக் கால் விநாடியின் காரணம் விளங்கும். விழித்திரையில் விழுந்த ஒளி நரம்புத் துடிப்பாக மாறி, பார்வை நரம்பின் வழியே மூளையின் நடுவிலுள்ள தலாமஸுக்குப் போகிறது. அங்கே நரம்பு மாறி, விசிறிபோல் விரிந்த இழைகளின் வழியே பிடரிக்குச் சற்று மேலேயுள்ள புறணியை அடைகிறது. வளர்ந்தவருக்குக் கறுப்பு வெள்ளைக் கட்டங்களைக் காட்டினால் இந்தப் பயணத்தின் முக்கிய அலை சுமார் 100 மில்லிவிநாடியில் எழுகிறது. பிறந்த குழந்தைக்கு அதே அலை வர ஏறத்தாழ 250 மில்லிவிநாடி ஆகிறது. குழந்தையின் பாதை நீளத்தில் குறைவுதான். ஆனால் நரம்பிழைகளைச் சுற்றி வரவேண்டிய மயலின் என்ற கொழுப்புறை இன்னும் மெல்லியதாக இருக்கிறது. உறை கனத்தால்தான் துடிப்பு விரைந்து தாவும். விழித்திரையின் நடுப்பள்ளத்தில் நிறமும் நுணுக்கமும் காண்கிற கூம்பு உயிரணுக்கள் அப்போது நெருக்கமாக அடுக்கப்பட்டிருப்பதில்லை. கண்ணே சின்னது: முன்பின் நீளம் வளர்ந்தவருக்குச் சுமார் 24 மில்லிமீட்டர், பிறந்த குழந்தைக்குச் சுமார் 17.

மூளையின் மின்னோட்டத்தைத் தலைத்தோலின் மேலிருந்தே பதிக்கலாம் என்று காட்டியவர் ஜெர்மனியின் யேனா நகரத்து மனநல மருத்துவர் ஹன்ஸ் பெர்கர். 1924இல் முதல் பதிவை எடுத்தார், 1929இல்தான் வெளியிட்டார். பலர் நம்பவில்லை. 1934இல் கேம்பிரிட்ஜில் ஏட்ரியனும் மேத்யூஸும் அதே அலைகளைப் பதித்துக் காட்டிய பிறகே ஈ.ஈ.ஜி. என்ற இந்தப் பதிவுமுறை நிலைபெற்றது. பிறந்த குழந்தைக்கு வெளிச்சம் காட்டி மூளைப் புறணியின் பதிலைப் பதித்த முன்னோடிகளில் முக்கியமானவர் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் பணியாற்றிய ராபர்ட் எல்லிங்சன். அவரது கட்டுரை 1960இல் வந்தது. அதற்கு முன்பே லண்டனில் ஜார்ஜ் டாசன் செய்துவைத்த ஒரு வேலைதான் இந்தத் துறையைத் தூக்கி நிறுத்தியது. அதைக் கொஞ்சம் நின்று பார்ப்பது நல்லது.

சிக்கல் இதுதான். மூளை ஒருபோதும் சும்மா இருப்பதில்லை. தலைத்தோலில் எப்போதும் ஐம்பது மைக்ரோவோல்ட், சில சமயம் அதற்கும் மேலான அலைகள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. அந்த இரைச்சலுக்குள் பத்து மைக்ரோவோல்ட் பதிலை எப்படிக் கண்டுபிடிப்பது? மயிலாப்பூரில் அறுபத்துமூவர் விழாவன்று தெற்கு மாட வீதியில் நிற்கிற கூட்டத்தை நினைத்துக்கொள்ளலாம். கோயில் மணி ஒவ்வொரு முறை அடித்த மறு விநாடியும் எங்கோ ஒருவர் மெல்லிய குரலில் ஒரே பெயரைச் சொல்லி அழைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒருமுறை கேட்டால் காதில் விழாது. ஒவ்வொரு மணியோசையிலிருந்தும் இரண்டு விநாடியைப் பதிவு செய்து, நூறு பதிவுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி எடுத்தால், கூட்டத்தின் சத்தம் ஒவ்வொரு பதிவிலும் வேறு வேறாக இருப்பதால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அழைக்கும் குரல் மட்டும் ஒரே இடத்தில் ஏறி ஏறி நிற்கும். டாசன் 1951இல் அறிமுகம் செய்த சராசரி இயந்திரம் செய்தது இதைத்தான். இன்று கம்ப்யூட்டர் அதைக் கண்மூடித் திறப்பதற்குள் செய்கிறது. கணக்கு மாறவில்லை: 64 முறை காட்டினால் இரைச்சல் எட்டில் ஒரு பங்காகக் குறையும். இன்னும் பாதியாகக் குறைக்க வேண்டுமென்றால் 256 முறை காட்ட வேண்டும். அத்தனை முறை பார்க்கிற பொறுமை கைக்குழந்தைக்கு இருக்குமா என்பதுதான் ஒவ்வொரு நாளும் சோதனை அறையில் எழுகிற கேள்வி.

கண் மருத்துவத்தில் சென்னைக்கு நீண்ட சரித்திரம் உண்டு. எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819இல் தொடங்கியது. நுங்கம்பாக்கம் காலேஜ் ரோட்டிலுள்ள சங்கர நேத்ராலயாவை டாக்டர் எஸ்.எஸ். பத்ரிநாத் 1978இல் நிறுவினார். பெரிய கண் மருத்துவமனைகளில் விழித்திரையின் மின்பதிலையும் மூளையின் மின்பதிலையும் அளக்கத் தனிப் பிரிவு இருக்கிறது. அத்தகைய ஓர் அறையில் கைக்குழந்தைக்குச் சோதனை நடக்கிற விதம் பார்க்கத் தக்கது.

முதல் நாளே தாயிடம் சொல்லியனுப்புகிறார்கள்: தலைக்கு எண்ணெய் வைக்கக் கூடாது. தமிழ் வீட்டுக் குழந்தையின் உச்சிக்குழியில் எண்ணெய் இல்லாத நாள் அபூர்வம். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் மின்முனை தோலோடு ஒட்டாது. ஒட்டாத மின்முனை அறையிலுள்ள கம்பிகளிலிருந்து 50 ஹெர்ட்ஸ் கரண்ட் இரைச்சலை வாங்கிக்கொண்டு வரும். ஒரு மின்முனை பிடரி எலும்பு முட்டுக்குச் சற்று மேலே, நடுக்கோட்டில். இன்னொன்று நெற்றிக்கு மேலே. மூன்றாவது காதோரத்திலோ உச்சியிலோ. நெற்றியில் பெரும்பாலும் ஒரு பெரிய கறுப்புத் திருஷ்டிப் பொட்டு இருக்கும். டெக்னீஷியன் அதை ஈரப் பஞ்சால் துடைக்கும்போது கூட வந்த பாட்டியின் முகம் சுருங்கும். பொட்டைக் கன்னத்துக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று சொன்னதும் சமாதானமாகிவிடும். பசை வைத்து, பஞ்சுத் துணி வைத்து, காகித டேப்பால் ஒட்டுகிறார்கள். சித்திரை வைகாசியில் குழந்தையின் தலை வியர்த்தால் பதிவுக் கோடு மெல்ல மெல்ல மேலும் கீழும் மிதக்கத் தொடங்கும். அறையைக் குளிரவைக்க வேண்டும், குழந்தைக்குக் குளிரவும் கூடாது.

நேரம் பார்ப்பதுதான் பெரிய வேலை. "பால் குடிச்சாச்சாம்மா? ஏப்பம் விட்டுட்டு உள்ள கூட்டிட்டு வாங்க. தூங்கிட்டா சொல்லுங்க, அப்புறம் பாத்துக்கலாம்." வெறும் வெளிச்சத்தைப் பளிச்சிட்டுப் பார்ப்பதானால் தூங்குகிற குழந்தையிடமும் முடியும், மூடிய இமை வழியாகவே போதுமான வெளிச்சம் போய்விடும். கட்டங்களைக் காட்டுவதற்குக் குழந்தை விழித்திருக்க வேண்டும், அழாமல் இருக்க வேண்டும், திரையைப் பார்க்கவும் வேண்டும். பிறந்த குழந்தைக்கு இந்த மூன்றும் கூடிவருவது ஒரு நாளில் சில நிமிடங்கள்தான். தாயின் மடியில் குழந்தை. எதிரே அரை மீட்டர் சுமார் தூரத்தில் திரை. அதில் சதுரங்கப் பலகை போன்ற கட்டங்கள். கறுப்பு வெள்ளையாகவும் வெள்ளை கறுப்பாகவும் மாறி மாறி வருகின்றன. மொத்த வெளிச்சம் கூடவோ குறையவோ செய்யாது, வடிவம் மட்டுமே மாறும். எனவே அலை வந்தால் அது வெளிச்சத்துக்கு வந்த பதிலாக இருக்க முடியாது, கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவிலுள்ள விளிம்புக்கு வந்த பதில். உதவியாளர் ஒருவர் திரையின் நடுவே ஒரு சின்ன பொம்மையை ஆட்டிக்கொண்டே இருப்பார். குழந்தையின் கண் விலகிய கணம் இன்னொருவர் பொத்தானை அழுத்திப் பதிவை நிறுத்துவார். விக்கல் வந்தால் நிறுத்தம். சப்புக் கொட்டினால் தாடைத் தசையின் மின்சாரம் கோட்டைக் கிழித்துவிடும், அதையும் தள்ள வேண்டும். ஒருமுறை எடுத்ததை மறுபடியும் எடுத்து, இரண்டு கோடுகளும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தினால்தான் அது பதில். பொருந்தாத கோட்டை நம்பி அறிக்கை எழுதுவது தவறு. இந்த இடத்தில் காட்டுகிற பொறுமைதான் நல்ல சோதனையையும் வீண் சோதனையையும் பிரிக்கிறது.

கட்டங்களின் அளவைக் கோணத்தில் சொல்வது வழக்கம். கையை நீட்டிப் பிடித்தால் சுண்டுவிரலின் அகலம் கண்ணில் ஏறத்தாழ 1 பாகை. உலகெங்கும் ஒரே மாதிரி அளக்க வேண்டும் என்பதற்காக வகுக்கப்பட்ட தரவிதிகள் 1 பாகைக் கட்டத்தையும் கால் பாகைக் கட்டத்தையும் பயன்படுத்தச் சொல்கின்றன. பிறந்த குழந்தைக்குக் கால் பாகைக் கட்டம் வெறும் சாம்பல் நிறமாகத்தான் தெரியும். பெரிய கட்டத்தில் தொடங்கி, மாதம் ஏற ஏறச் சிறியதற்குப் போகிறார்கள்.

கட்டத்தைக் காட்டி அலையை அளந்தால் இரண்டு எண்கள் கிடைக்கின்றன: அலை எவ்வளவு உயரம், எவ்வளவு நேரம் கழித்து. உயரத்தை நம்புவது கடினம். உச்சிக்குழி திறந்திருப்பதும், மண்டையோடு மெல்லியதாக இருப்பதும், குழந்தையின் கவனமும் அதை மாற்றிவிடும். நேரம்தான் உண்மை பேசுகிறது. பிறந்தபோது ஏறத்தாழ 250 மில்லிவிநாடியாக இருந்தது, பெரிய கட்டங்களைப் பொறுத்தவரை ஐந்தாறு மாதத்தில் 110, 120 மில்லிவிநாடிக்கு வந்துவிடுகிறது. வாழ்நாளில் பிறகு எந்தக் காலத்திலும் மூளையின் பார்வைப் பாதை இவ்வளவு வேகமாக முன்னேறுவதில்லை. வாரத்துக்கு வாரம் குறைய வேண்டிய எண் குறையாமல் நின்றால், அந்தக் குழந்தையை உடனே கவனிக்க வேண்டும்.

ஆறாவது வாரத்தை ஒட்டி இன்னொன்று நடக்கிறது. கோடுகள் சாய்ந்திருக்கும் திசை மாறினால் அதற்கென்று தனியாக மூளைப் புறணி பதில் தருகிறதா என்று ஆலிவர் பிராடிக், ஜேனட் அட்கின்சன் ஆகியோரின் குழு சோதித்து 1986இல் வெளியிட்டது. பிறந்த புதிதில் அந்தப் பதில் இல்லை. மூன்றிலிருந்து ஆறு வாரத்துக்குள் தோன்றுகிறது. திசையறிவது மூளைப் புறணியின் உயிரணுக்களுக்கே உரிய திறமை என்று முன்னரே காட்டியவர்கள் ஹியூபலும் வீசலும். அதற்காக அவர்களுக்கு 1981இல் நோபல் பரிசு கிடைத்தது. குழந்தை முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்குவதும் அதே ஆறாவது வாரத்தில்தான். அதற்கு முன் தூக்கத்தில் வருகிற சிரிப்பை நரி விளையாட்டுக் காட்டுகிறது என்று பெரியவர்கள் சொல்வார்கள். முகத்துக்கு வந்த சிரிப்பையும் தானாக வந்த சிரிப்பையும் நம் பாட்டிகள் பிரித்துத்தான் வைத்திருந்தார்கள்.

குழந்தைக்கு எவ்வளவு நுணுக்கம் தெரிகிறது என்பதை அறிய இரண்டு வழிகள் உண்டு, இரண்டும் ஒரே விடை தருவதில்லை. முதல் வழி ராபர்ட் ஃபான்ட்ஸ் அமெரிக்காவில் 1950களின் இறுதியில் காட்டியது. வெறும் சாம்பல் அட்டையையும் கோடு போட்ட அட்டையையும் சேர்த்துக் காட்டினால் குழந்தை கோட்டை விரும்பிப் பார்க்கும். கோடு மெல்லியதாகிக்கொண்டே போய், விருப்பம் மறைகிற இடம் பார்வையின் எல்லை. டேவிடா டெல்லரின் பெயரால் வழங்கும் அட்டைகள் இந்த வழியில் வந்தவை. பல குழந்தைக் கண் மருத்துவர்களின் மேசையில் இன்றும் இருக்கின்றன. இந்த அளவையில் பிறந்த குழந்தை சுண்டுவிரல் அகலத்துக்குள் ஏறத்தாழ ஒரு கறுப்பு வெள்ளை ஜோடியைத்தான் காண்கிறது. நல்ல பார்வையுள்ள வளர்ந்தவருக்கு அந்த அகலத்துக்குள் 30 ஜோடிகள் தெரியும்.

இரண்டாவது வழியில், அந்தோணி நார்சியாவும் கிறிஸ்டோபர் டைலரும் 1985இல் வெளியிட்டபடி, கோடுகளைச் சில விநாடிகளுக்குள் தடிப்பிலிருந்து மெலிவுக்கு வேகமாக ஓடவிட்டு, மூளை அலை எந்த இடத்தில் மறைகிறது என்று பார்க்கிறார்கள். ஒரு மாதக் குழந்தைக்குச் சுமார் நாலரை ஜோடி. எட்டு மாதத்தில் 20 ஜோடி வரைக்கும் போகிறது. அட்டை காட்டும் விடையைவிட அலை காட்டும் விடை பெரிது. குழந்தையின் மூளைப் புறணிக்கு எட்டுகிற தகவல் முழுவதும் தலையையும் கண்ணையும் திருப்புகிற செயலாக இன்னும் மாறுவதில்லை. ஒரு மாதக் குழந்தை நாம் நினைப்பதைவிடக் கூடுதலாகப் பார்க்கிறது, காட்டத்தான் தெரியவில்லை.

இந்தப் பாதை கருவிலேயே எப்போது கட்டப்படுகிறது என்ற கேள்விக்குச் சென்னையில் கிடைத்திருக்கும் விடை உலக அளவில் முக்கியமானது. சர்தார் படேல் சாலையை ஒட்டிய சென்னை ஐ.ஐ.டி. வளாகத்தில் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2022இல் தொடங்கப்பட்டது. பேராசிரியர் மோகனசங்கர் சிவப்பிரகாசம் தலைமையில் அந்த மையம் 'தரணி' என்ற பெயரில் மனிதக் கருவின் மூளை வரைபடத்தை 2024 டிசம்பரில் வெளியிட்டது. கர்ப்பத்தின் 14ஆம் வாரம் முதல் 24ஆம் வாரம் வரையிலான மூளைகளை மெல்லிய ஏடுகளாகச் சீவி, 5,132 ஏடுகளை உயிரணுக்கள் தெரிகிற நுணுக்கத்தில் கம்ப்யூட்டரில் ஏற்றியிருக்கிறார்கள். மருத்துவப் பங்காளிகளில் ஒன்று மயிலாப்பூரிலுள்ள மெடிஸ்கேன். கர்ப்பிணிகளுக்கு ஸ்கேன் எடுப்பதில் இந்த நகரம் நெடுநாள் அறிந்த பெயர். இன்னொன்று சவீதா மருத்துவக் கல்லூரி. வரைபடம் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இலவசமாகத் திறந்திருக்கிறது.

வரைபடம் முடிகிற 24ஆம் வாரத்தை ஒட்டித்தான் வி.இ.பி. அளவை தொடங்குகிறது. தலாமஸிலிருந்து வருகிற இழைகள் புறணியின் அடியில் சில வாரம் காத்திருந்து, ஏறத்தாழ அந்தப் பருவத்தில் புறணிக்குள் நுழைகின்றன. அவ்வளவு சீக்கிரம் பிறந்துவிட்ட குழந்தைக்கு இன்குபேட்டரில் வெளிச்சம் காட்டினால் 300 மில்லிவிநாடிக்கு அருகே ஒரு கீழ்நோக்கிய அலை வருகிறது. 35ஆம் வாரத்தை ஒட்டி அதற்கு முன்னால், 200 மில்லிவிநாடிக்கு அருகே, மேல்நோக்கிய அலை ஒன்று சேர்கிறது. இங்கே கவனிக்க வேண்டியது, அலையின் நேரம் பெரும்பாலும் கர்ப்ப வாரங்களையும் சேர்த்துக் கணக்கிட்ட வயதையே பின்பற்றுகிறது. 32 வாரத்தில் பிறந்து எட்டு வாரம் ஆன குழந்தையை இரண்டு மாதக் குழந்தையோடு ஒப்பிடக் கூடாது. 40 வாரம் நிறைந்து இன்று பிறந்த குழந்தையோடு ஒப்பிட வேண்டும். குறைமாதப் பிள்ளையைப் பெற்ற தாய்மார் 'கரெக்டட் ஏஜ்' என்று ஒரு தனி வயதைச் சொல்லிக்கொண்டிருப்பதன் நியாயம் இதுதான்.

மின்சாரத்தை விட்டு இரத்தத்தை அளக்கிற முறைகளும் வந்திருக்கின்றன. சிவப்புக்கு அப்பாலுள்ள, கண்ணுக்குத் தெரியாத ஒளியைக் குழந்தையின் மெல்லிய மண்டையோட்டின் வழியே செலுத்தினால், இரத்தத்தில் ஆக்சிஜன் கூடியதும் குறைந்ததும் திரும்பி வரும் ஒளியில் தெரியும். இந்த வழியை 1977இல் காட்டியவர் ஃபிரான்ஸ் யோப்சிஸ். 1998இல் லண்டனில் விழித்திருக்கும் பச்சிளங் குழந்தைகளுக்குக் கட்டங்களைக் காட்டி இதை அளந்தார்கள். வளர்ந்தவரின் மூளை வேலை செய்யும் இடத்தில் ஆக்சிஜன் இழந்த இரத்தம் குறையும். இந்தக் குழந்தைகளிடம் அது கூடியது. எம்.ஆர்.ஐ. எடுத்த சில குழுக்களும் குழந்தையின் பதில் தலைகீழாக இருப்பதைக் கண்டன. வளர்ந்தவர்களுக்குச் செய்த கணக்கை அப்படியே பிஞ்சுக்குப் போட்டால் விடை தப்பும். இந்தியாவில் உத்தரப் பிரதேசத்துக் கிராமப்புறமான சிவ்கட் பகுதியில் ஜான் ஸ்பென்சரின் குழு இதே கருவியைக் கொண்டுபோய், நாலு மாதம் முதல் நாலு வயது வரையிலான குழந்தைகளின் பார்வை நினைவை ஆராய்ந்தது. வருமானமும் தாயின் படிப்பும் குறைந்த வீட்டுக் குழந்தைகளிடம் மூளையின் பதில் மெலிந்திருப்பதாக 2019இல் அறிவித்தது. கருவி பொருத்திய தொப்பியைக் குழந்தைக்கு மாட்டிக் கிராமத்திலேயே செய்யலாம் என்பது இந்தக் கருவியின் பெரிய வசதி.

வி.இ.பி. அளவை எந்தக் குழந்தைக்கு உதவும்? பிறக்கும்போது மூச்சுத் திணறி மூளைக்கு ஆக்சிஜன் குறைந்த குழந்தைகளுக்கு முதலில். முதல் வாரம் கழிந்தும் வெளிச்சத்துக்கு அலையே வராவிட்டால் பின்விளைவு பெரும்பாலும் கடுமையாக இருக்கும். முதல் வாரத்துக்குள் இயல்பான அலை வந்துவிட்டால் நம்பிக்கை வைக்கலாம். இத்தகைய குழந்தைகளின் உடலைக் குளிரவைக்கும் சிகிச்சையை இந்தியா, இலங்கை, வங்கதேசத்தில் 7 மருத்துவமனைகளில் 408 குழந்தைகளிடம் சோதித்த ஹெலிக்ஸ் ஆய்வில் சென்னை மருத்துவக் கல்லூரியும் இருந்தது. 2021இல் முடிவு வந்தது: இங்கே அந்தச் சிகிச்சை இறப்பையும் ஊனத்தையும் சேர்த்துக் குறைக்கவில்லை, இறப்பு மட்டும் கூடியிருந்தது. பணக்கார நாட்டில் பலித்த சிகிச்சை நம் குழந்தைக்குப் பலிக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாதபோது, நம் குழந்தையின் மூளையையே நேராக அளந்து பார்ப்பதற்கு மதிப்பு கூடுகிறது.

குறைமாதக் குழந்தைகளின் விழித்திரை நோய்க்கு முதல் சோதனை வேறு. இந்திய வழிகாட்டுதலின்படி 34 வாரத்துக்கு முன்னோ 2,000 கிராமுக்குக் குறைந்த எடையிலோ பிறந்த குழந்தையின் விழித்திரையை முப்பது நாளுக்குள், மிகச் சிறிய குழந்தையானால் இரண்டு மூன்று வாரத்துக்குள், மருத்துவர் நேராகப் பார்த்துவிட வேண்டும். இதற்கு வி.இ.பி.க்குக் காத்திருக்கக் கூடாது.

கண்புரையோடு பிறக்கிற குழந்தைகளின் கதைதான் இந்த அளவையின் முழுப் பொருளையும் காட்டுகிறது. கர்ப்பத்தின் தொடக்கத்தில் தாய்க்கு ரூபெல்லா வந்தால் குழந்தை கண்புரையோடு பிறக்கக்கூடும். தமிழ்நாட்டில் தட்டம்மை ரூபெல்லா தடுப்பூசி இயக்கம் 2017 பிப்ரவரியில் தொடங்கியது. தடுப்பூசியால் தடுக்க முடியாத காரணங்களும் உண்டு. கெட்டியான புரை கண்ணை மூடியிருக்கும் வாரங்களில் விழித்திரைக்கு வடிவமே போவதில்லை. மூளைப் புறணியில் இணைப்புகள் பெருகுகிற காலமோ அதுதான்: இரண்டாம் மாதத்துக்கும் நாலாம் மாதத்துக்கும் இடையே அவை வெள்ளம்போல் கூடி, எட்டாம் மாதத்தை ஒட்டி உச்சத்தை அடைகின்றன. இதனால்தான் ஒரு கண்ணில் மட்டும் உள்ள கெட்டிப் புரையை ஆறு வாரத்துக்குள்ளும், இரு கண்ணிலும் இருந்தால் எட்டு, பத்து வாரத்துக்குள்ளும் எடுத்துவிட வேண்டும் என்கிறார்கள்.

தாமதமானால் என்ன ஆகும் என்பதற்கு இந்தியாவிலிருந்தே சான்று வந்திருக்கிறது. பவன் சின்ஹாவின் 'பிரகாஷ்' திட்டம் வட இந்தியாவில் புரை எடுக்கப்படாமலே வளர்ந்த பிள்ளைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்து, பிறகு அவர்கள் எப்படிப் பார்க்கக் கற்கிறார்கள் என்று ஆராய்ந்தது. 8 முதல் 17 வயதுள்ள ஐந்து பேரிடம் நடந்த சோதனை 2011இல் வெளியானது. கையால் தடவி அறிந்த பொருளைக் கண் திறந்த உடனே அவர்களால் அடையாளம் காண முடியவில்லை. சில நாளில் கற்றுக்கொண்டார்கள். பல வருட இருட்டுக்குப் பிறகும் மூளை கற்கிறது என்பது பெரிய ஆறுதல். ஆனால் மின் அலை இன்னொரு செய்தியும் சொல்கிறது. ஹைதராபாத் எல்.வி. பிரசாத் கண் மருத்துவமனையில் ரமேஷ் கெகுன்னயாவும் ஜெர்மனியின் ஹாம்பர்க்கிலிருந்து வந்த பிரிகிட்டே ரோடரின் குழுவும் பிறவிக் கண்புரை நீக்கப்பட்டவர்களின் ஈ.ஈ.ஜி.யைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். வடிவம் தெரிந்து நூறு மில்லிவிநாடியை ஒட்டி எழ வேண்டிய முதல் மேலலை, பிறவியிலேயே கெட்டிப் புரை இருந்தவர்களிடம் அறுவை முடிந்து ஆண்டுகள் ஆன பிறகும் தாழ்ந்தே இருந்தது. பிறகு வளர்ந்து வந்த புரையை எடுத்தவர்களிடம் அப்படி இல்லை. அவர்கள் 2020இல் வெளியிட்ட கட்டுரை, இந்த அலையின் உயரத்தைக் கொண்டே ஒருவருக்குப் புரை பிறவியில் இருந்ததா, பின்னால் வந்ததா என்று பிரிக்க முடியும் என்கிறது. மருத்துவக் குறிப்பேடு தொலைந்துபோன பிள்ளைக்கும் மூளையின் குறிப்பேடு அழிவதில்லை.

பிறவிப் புரையைப் பிடிக்கப் பெரிய கருவி தேவையில்லை. பிரசவ வார்டிலேயே ஆப்தால்மாஸ்கோப்பின் வெளிச்சத்தைக் கண்மணிக்குள் காட்டினால் செந்நிறம் திரும்பி வர வேண்டும். வராத கண்ணை அன்றே கண் மருத்துவருக்கு அனுப்ப வேண்டும். பிளாஷ் போட்டு எடுத்த போட்டோவில் ஒரு கண் சிவப்பாகவும் இன்னொன்று வெள்ளையாகவும் தெரிந்தால் வீட்டுக்காரர்களே கண்டுபிடித்துவிடலாம்.

வி.இ.பி.யால் சொல்ல முடியாதவையும் உண்டு. அலை வந்துவிட்டது என்றால் செய்தி புறணியை எட்டிவிட்டது என்று பொருள். பார்த்ததைக் குழந்தை புரிந்துகொள்கிறது என்று பொருளாகாது. சில குழந்தைகள் மூன்று மாதமாகியும் முகம் பார்ப்பதில்லை. கண்ணில் குறை எதுவும் தெரியாது, அலையும் அந்த வயதுக்குரியதாகவே இருக்கும். தாமதமாக முதிர்கிற பார்வை என்று இதற்குப் பெயர். இவர்களில் பலர் ஆறு மாதத்துக்குள் தாமாகவே பார்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். அப்படிப்பட்ட குழந்தையின் தாய் சோதனை அறையை விட்டு வெளியே வரும்போது கையிலிருக்கும் அந்த வளைகோட்டுத் தாள் அவளுக்குத் தருகிற தைரியம் சாதாரணமானதில்லை.

புரை எடுத்த குழந்தைக்கு அறுவையோடு வேலை முடிவதில்லை. லென்ஸ் போன கண்ணுக்குக் கான்டாக்ட் லென்ஸோ, தலையைச் சுற்றி எலாஸ்டிக் பட்டை கட்டிய தடித்த கண்ணாடியோ போடுகிறார்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை இரண்டு கண்ணையும் தனித்தனியே மூடிச் சோதிக்கிறார்கள். ஒரு கண்ணின் அலை பிந்தியோ தாழ்ந்தோ வந்தால் நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் ஒட்டுத் துணியால் மூடி, பின்தங்கிய கண்ணைப் பார்க்க வைக்கிறார்கள். அடுத்த தடவை வரும்போது தலைக்கு எண்ணெய் வைக்காமல் கொண்டுவரச் சொல்லி, பழைய தாளையும் எடுத்துவரச் சொல்கிறார்கள். புதிய அலையை அதன் பக்கத்தில் வைத்துத்தான் படிக்க வேண்டும்.